பல்நிலை மாடல்: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

ஒரே பள்ளியில் படிக்கும் 45 மாணவர்களுக்குக் கணக்குத் தேர்வு வைத்தால் கிடைப்பவை 45 தனித்தனித் தகவல்கள் அல்ல. ஆசிரியர் ஒருவரே, பள்ளிச் சூழல் ஒன்றே, குடும்பப் பின்னணியும் பல நேரம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அந்த மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். சாதாரண ரிக்ரஷன் இதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு வரிசையும் மற்ற வரிசைகளோடு தொடர்பில்லாதது என்று எடுத்துக்கொண்டு, திட்டப் பிழையை இருக்கவேண்டிய அளவைவிடச் சிறிதாகக் காட்டும். இல்லாத தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும்.

மருத்துவமனைக்குள் நோயாளி, வட்டாரத்துக்குள் குடும்பம், ஒரே ஆளிடம் ஆண்டுதோறும் எடுத்த அளவு என்று சமூக அறிவியல் தரவில் பெரும்பகுதி இந்த அமைப்பில்தான் இருக்கிறது. இதற்கான கருவி பல்நிலை மாடல்: மாணவர், பள்ளி என்று ஒவ்வொரு நிலையின் வேறுபாட்டையும் தனித்தனியாக மதிப்பிடும் ரிக்ரஷன். மென்பொருளில் அதை ஓட்டுவது ஒரு வரி வேலை. தவறுகள் நடப்பது அந்த வரிக்கு முன்னும் பின்னும்: எது நிலை, எண்களை எதை மையமாக வைத்து அளப்பது, நாம் கேட்காமலேயே மென்பொருள் எதை முடிவு செய்துவிட்டது என்ற இடங்களில். ஆகவே அந்த முடிவுகளை, எடுக்கவேண்டிய வரிசையிலேயே பார்ப்போம். சாதாரண ரிக்ரஷன் தெரிந்திருந்தால் போதும்.

எண்கள் எல்லாம் ஒரே தரவிலிருந்து: அமெரிக்காவின் 'ஹை ஸ்கூல் அண்ட் பியாண்ட்' ஆய்வின் 1982ஆம் ஆண்டுத் தரவிலிருந்து எடுத்த ஒரு பகுதி. 160 பள்ளிகள், 7185 மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் கணித மதிப்பெண், குடும்ப வசதிக் குறியீடு. 'ஆர்' மென்பொருளோடு வரும் என்எல்எம்ஈ தொகுப்பில் 'மேத்அச்சீவ்' என்ற பெயரில் இது இருக்கிறது. கூடவே ஓட்டிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

முதல் வேலை: நிலைகளை எழுதிவைத்தல், தரவை அடுக்குதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கீழ்நிலை அலகு எது, அது எதற்குள் இருக்கிறது, மேல்நிலையில் எத்தனை அலகுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் குறைந்தது எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பேர். நமது தரவில் 160 பள்ளிகள், பள்ளிக்கு 14 முதல் 67 மாணவர்கள்.

எது நிலை, எது வெறும் மாறி என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அந்த அலகுகளை ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சிலவாக நினைக்க முடியுமா என்று கேளுங்கள். 160 பள்ளிகளுக்குப் பதில் வேறு 160 பள்ளிகள் கூறில் (சாம்பிளில்) வந்திருக்கலாம். ஆகவே பள்ளி ஒரு நிலை. ஆண், பெண் என்பது அப்படியல்ல. அரசுப் பள்ளியா, கத்தோலிக்கப் பள்ளியா என்பதும் நிலையல்ல. பள்ளி நிலையில் நிற்கும் ஒரு மாறி.

தரவு நீள வடிவில் இருக்கவேண்டும். அதாவது, கீழ்நிலை அலகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒரே ஆளின் ஐந்தாண்டு அளவுகள் ஐந்து பத்திகளில் இருந்தால் அவற்றை ஐந்து வரிசைகளாக மாற்றியாகவேண்டும். பள்ளி நிலை மாறிகள் அந்தப் பள்ளியின் எல்லா மாணவர் வரிசையிலும் திரும்பத் திரும்ப வரும், அது தவறல்ல.

மூன்று நிலை வரும்போது அடையாள எண்ணில் கவனம் தேவை. முதல் பள்ளியிலும் வகுப்பு 1, இரண்டாம் பள்ளியிலும் வகுப்பு 1 என்று எண்ணிட்டிருந்தால், வகுப்பைத் தனியாகக் கொடுக்கும்போது மென்பொருள் இரண்டையும் ஒரே வகுப்பு என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக வரும். பள்ளி எண்ணையும் வகுப்பு எண்ணையும் ஒட்டி 101, 102, 201, 202 என்பதுபோல் எங்கும் திரும்ப வராத எண்ணை உருவாக்கிவிடுங்கள். ஓட்டியபின் வெளியீட்டில் 'குழுக்களின் எண்ணிக்கை' என்ற வரியைத் தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். 160 வரவேண்டிய இடத்தில் 8 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஒரு மாணவர் ஒரு பள்ளியிலும் ஒரு வட்டாரத்திலும் இருக்கிறார், ஆனால் வட்டாரம் பள்ளிக்குள் அடங்கவில்லை என்றால் அது குறுக்கு வகைப்பாடு. அதையும் மாடலாக்கலாம். ஒன்றை மற்றதற்குள் அடக்கி எழுதுவதுதான் தவறு.

இரண்டாவது: வெற்று மாடல்

விளக்க மாறி எதுவும் இல்லாமல் முதல் மாடலை ஓட்டுங்கள். 'ஆர்' மென்பொருளின் எல்எம்ஈ4 தொகுப்பில் உள்ள எல்மெர் கட்டளையில் சூத்திரம் இப்படி இருக்கும்:

மதிப்பெண் ~ 1 + (1 | பள்ளி)

செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறம் குழு. இடப்புறம் குழுவுக்குக் குழு மாறக்கூடியது. இங்கே மாறுவது வெட்டுத்துண்டு (இன்டர்செப்ட்), அதாவது பள்ளியின் சராசரி மட்டும். நமது தரவில் மொத்தச் சராசரி 12.64, பள்ளிகளுக்கிடையே பரவற்படி (வேரியன்ஸ்) 8.61, பள்ளிக்குள் மாணவர்களுக்கிடையே 39.15 என்று வரும்.

பள்ளிப் பரவற்படியை மொத்தத்தால் வகுத்தால் உள்குழு ஒட்டுறவு: 8.61 / 47.76 = 0.18. மதிப்பெண் வேறுபாட்டில் 18 சதவீதம் பள்ளிகளுக்கிடையே இருக்கிறது. இதை வைத்துக் கூறளவு எவ்வளவு சுருங்குகிறது என்றும் கணக்கிடலாம். 1 + (குழுவின் சராசரி அளவு − 1) × உள்குழு ஒட்டுறவு என்பது சூத்திரம். பள்ளிக்குச் சராசரியாக 45 பேர் என்றால் 1 + 44 × 0.18, ஏறக்குறைய 8.9. கூறளவை இந்த எண்ணால் வகுக்கவேண்டும்: சராசரியை மதிப்பிடும் வேலையில் இந்த 7185 பேர், தொடர்பில்லாத சுமார் 800 பேருக்குத்தான் சமம். ஒட்டுறவு 0.02 தானே, விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் குழுவின் அளவையும் பார்க்கவேண்டும். குழுவுக்கு 100 பேர் என்றால் 0.02க்கே இந்த எண் 2.98 ஆகிவிடும்.

8.61 என்ற பரவற்படியைப் படிக்க எளிதான வடிவுக்கு மாற்றுங்கள். அதன் வர்க்கமூலம் 2.93. 12.64இலிருந்து இருபுறமும் 1.96 மடங்கு நகர்ந்தால் 6.89 முதல் 18.39 வரை. 95 சதவீதப் பள்ளிகளின் உண்மைச் சராசரி இந்த எல்லைக்குள் இருக்கும் என்பது மாடலின் கணிப்பு. கட்டுரையில் இந்த வீச்சை எழுதினால் புள்ளியியல் தெரியாத வாசகருக்கும் புரியும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் மாடல் தரும் மதிப்பீடு அந்தப் பள்ளியின் நேர்ச் சராசரி அல்ல. மொத்தச் சராசரியை நோக்கி இழுக்கப்பட்ட எண் அது. எவ்வளவு இழுப்பு என்பது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நேர்ச் சராசரி 20 உள்ள இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். 14 மாணவர் உள்ள பள்ளிக்கு நம்பகம் (நேர்ச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 8.61 / (8.61 + 39.15/14) = 0.755, அதன் மதிப்பீடு 18.2 ஆக இறங்கும். 67 மாணவர் உள்ள பள்ளிக்கு நம்பகம் 0.936, மதிப்பீடு 19.5. தகவல் குறைவாக உள்ள இடத்தில் மாடல் கூடுதலாகத் தயங்குகிறது, அதுவே சரி. ஆனால் இந்த எண்களை வரிசைப்படுத்திப் பள்ளிகளுக்கு முதலிடம், கடைசியிடம் என்று பட்டியல் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பக இடைவெளி வரைந்தால் நடுவில் உள்ள பெரும்பாலான பள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது: மையப்படுத்தல்

இந்தப் படியைத்தான் நிதானமாகச் செய்யவேண்டும். பிரசுரமான கட்டுரைகளிலும் தவறான விளக்கம் இங்கேதான் அதிகம்.

குடும்ப வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒரே பள்ளிக்குள், வசதியான மாணவர் மற்றவரைவிட எவ்வளவு கூடுதலாகப் பெறுகிறார்? வசதியான மாணவர்கள் நிறைந்த பள்ளி, மற்றப் பள்ளியைவிட எவ்வளவு மேலே இருக்கிறது? இரண்டின் விடையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எதிரெதிராகவும் போகலாம். 1950இல் சமூகவியலாளர் ராபின்சன் இதை அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். மாநிலங்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவு −0.53. தனிமனிதர்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தவரிடம் எழுத்தறிவின்மை கூடுதல், ஒட்டுறவு 0.12. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதே காரணம்.

வசதிக் குறியீட்டை அப்படியே மாடலில் போட்டால் இந்த இரண்டு விடையும் கலந்த ஒரே எண் வரும். அதற்குப் பொருள் சொல்வது கடினம். செய்யவேண்டியது: ஒவ்வொரு பள்ளிக்கும் வசதியின் சராசரியைக் கணக்கிட்டு ஒரு பத்தியாகச் சேருங்கள். மாணவரின் வசதியிலிருந்து அவர் பள்ளியின் சராசரியைக் கழித்து இன்னொரு பத்தி. பிறகு இரண்டையும் ஒன்றாக இடுங்கள்:

மதிப்பெண் ~ உள்வசதி + பள்ளிவசதி + (1 | பள்ளி)

நமது தரவில் உள்வசதியின் கெழு 2.19, பள்ளிவசதியின் கெழு 5.87. ஒரே பள்ளிக்குள் வசதி ஓர் அலகு கூடினால் 2.19 மதிப்பெண் கூடுதல். பள்ளிச் சராசரி வசதி ஓர் அலகு கூடினால் பள்ளிச் சராசரி மதிப்பெண் 5.87 கூடுதல். இரண்டுக்கும் இடையிலான 3.68, சூழல் விளைவு: ஒரே அளவு வசதியுள்ள இரண்டு மாணவர்கள், சராசரி வசதியில் ஓர் அலகு வேறுபடும் இரண்டு பள்ளிகளில் இருந்தால் எதிர்பார்க்கும் வித்தியாசம்.

கழிக்காத வசதியையும் பள்ளிச் சராசரியையும் ஒன்றாக இட்டாலும் அதே மாடல்தான், ஆனால் பள்ளிச் சராசரியின் கெழு இப்போது 5.87 அல்ல, 3.68 என்று வரும். எந்தப் பத்தியை இட்டோம் என்று மறந்தால் ஒன்றை மற்றதாக எழுதிவிடுவோம். பத்தியின் பெயரிலேயே 'உள்', 'பள்ளி' என்று வைப்பது இதைத் தடுக்கும். சூழல் விளைவு என்ற பெயர் இருந்தாலும், அது காரணத் தொடர்பு என்று இந்த மாடல் நிரூபிப்பதில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர்தானே.

பள்ளிவசதி போன்ற மேல்நிலை மாறிக்குக் கூறளவு 7185 அல்ல, 160. மேல்நிலையில் பத்துப் பதினைந்து மாறிகளை ஒன்றாகத் திணிக்கும் ஆசை வரும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

நான்காவது: சாய்வைப் பள்ளிக்குப் பள்ளி மாறவிடுதல்

வசதியின் விளைவு எல்லாப் பள்ளியிலும் ஒரே அளவா? சூத்திரத்தில் அடைப்புக்குள் மாறியைச் சேர்த்தால் சாய்வும் மாறும்:

மதிப்பெண் ~ உள்வசதி + (1 + உள்வசதி | பள்ளி)

சராசரிச் சாய்வு 2.19. சாய்வின் பரவற்படி சுமார் 0.69, திட்ட விலக்கம் 0.83. ஆக 95 சதவீதப் பள்ளிகளில் சாய்வு ஏறக்குறைய 0.6 முதல் 3.8 வரை. சில பள்ளிகளில் வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு மிகக் குறைவு. சிலவற்றில் மிகக் கூடுதல். 'சராசரியாக 2.19' என்று மட்டும் எழுதினால் இந்தச் செய்தி போய்விடும்.

இந்த மாடலில் பள்ளிக்குள் பரவற்படி 39.15இலிருந்து 36.70ஆகக் குறையும். ஆனால் பள்ளிகளுக்கிடையேயான பரவற்படி 8.61இலிருந்து சுமார் 8.68ஆக ஏறும். மாறியைச் சேர்த்தபின் பரவற்படி கூடுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். தவறு ஒன்றும் இல்லை. பள்ளிச் சராசரிகளில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி, மாணவர் வேறுபாட்டால் தற்செயலாக வந்தது. மாணவர் வேறுபாடு சுருங்கும்போது அந்தத் தற்செயல் பங்கும் சுருங்குகிறது. மிச்சம் பள்ளிக் கணக்கில் சேர்கிறது.

மாறும் சாய்வு தேவையா என்று சோதிக்க, அது உள்ள மாடலையும் இல்லாத மாடலையும் ஒப்பிடுங்கள். பரவற்படி சுழியத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் வழக்கமான கை-வர்க்கச் சோதனை இங்கே தேவைக்குமேல் எச்சரிக்கையாக இருக்கும். ஒரே ஒரு பரவற்படியைச் சோதித்தால் பி-மதிப்பைப் பாதியாக்குங்கள். சாய்வோடு உடன்பரவலும் (சாய்வும் வெட்டுத்துண்டும் சேர்ந்து மாறும் அளவு, கோவேரியன்ஸ்) சேர்ந்தால், கட்டின்மை (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 1க்கும் 2க்கும் கிடைக்கும் பி-மதிப்புகளின் சராசரியை எடுங்கள்.

பள்ளி வகைக்கும் மாணவர் வசதிக்கும் இடையே இடைவினை சேர்க்கப்போகிறீர்கள் என்றால் வசதியின் சாய்வை மாறவிட்டே ஆகவேண்டும். இல்லையேல் அந்த இடைவினையின் திட்டப் பிழை பொய்யாகச் சிறிதாகும்.

மென்பொருள் உங்களைக் கேட்காமல் செய்பவை

ஒரே தரவு, ஒரே மாடல், இரண்டு மென்பொருள், இரண்டு விடை. இதற்குக் காரணம் பெரும்பாலும் இயல்பமைப்புகள், அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானே வைத்துக்கொள்ளும் தெரிவுகள்.

எல்எம்ஈ4 இயல்பாக ரெமெல் (கட்டுப்படுத்திய மீப்பெரு நிகழ்தகவு) முறையில் மதிப்பிடும். எஸ்பிஎஸ்எஸ், சாஸ் என்ற மென்பொருள்கள் இரண்டின் மிக்ஸ்ட் கட்டளைகளும் அப்படியே. ஸ்டேட்டாவின் மிக்ஸ்ட் கட்டளை இயல்பாக முழு மீப்பெரு நிகழ்தகவு முறையைப் பின்பற்றும். குழுக்கள் நிறைய இருந்தால் வித்தியாசம் தெரியாது. குறைவாக இருந்தால் முழு முறை, மேல்நிலைப் பரவற்படியைச் சிறிதாக்கும். ஆகவே இறுதி எண்களுக்கு ரெமெல். நிலையான மாறிகள் (எல்லாக் குழுவுக்கும் ஒரே கெழு உள்ளவை) வேறுபடும் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் முழு முறை. ஒப்பிடும் இரண்டு மாடலிலும் வரிசை எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். புது மாறியில் விடுபட்ட மதிப்பு இருந்தால் அந்த வரிசைகள் சத்தமில்லாமல் நீங்கிவிடும்.

இதைவிட ஆபத்தானது சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் இடையிலான உடன்பரவல். எல்எம்ஈ4 அதை இயல்பாக மதிப்பிடும். ஸ்டேட்டாவும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் அது சுழியம் என்று வைத்துக்கொள்ளும். 'அன்ஸ்ட்ரக்சர்ட்' என்ற தெரிவை நாம்தான் கொடுக்கவேண்டும். மாறும் சாய்வு உள்ள எந்த மாடலிலும் இதைக் கொடுங்கள்.

எல்எம்ஈ4 பி-மதிப்பு தராது. அதைத் திட்டமிட்டே விட்டிருக்கிறார்கள். தேவையென்றால் எல்மெர்டெஸ்ட் தொகுப்பைச் சேர்த்தால் கட்டின்மையைச் சரிசெய்யும் சாட்டர்த்வெயிட் அல்லது கென்வர்ட்-ரோஜர் திருத்தத்தோடு கிடைக்கும். எல்எம்ஈ4இல் உள்ள 'வெயிட்ஸ்' என்ற இடத்தில் கணக்கெடுப்பின் கூறு எடைகளை இடக்கூடாது. அது அளவின் துல்லியத்துக்கான எடை, பொருள் வேறு. கூறு எடை தேவைப்படும் ஆய்வுக்கு ஒவ்வொரு நிலைக்கும் தனி எடையை ஏற்கும் ஸ்டேட்டா நல்லது.

எம்எல்வின், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பல்நிலை மாடலிங் மையம் உருவாக்கிய மென்பொருள். சமன்பாட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே மாடலைக் கட்டலாம் என்பதால் கற்றுக்கொள்ள மிக ஏற்றது. ஆனால் தரவை நிலை வாரியாக முன்பே வரிசைப்படுத்தித் தரவேண்டும். எல்லா வரிசையிலும் 1 உள்ள ஒரு மாறிலிப் பத்தியும் வேண்டும். வரிசைப்படுத்தாமல் ஓட்டினால், ஒரே பள்ளியின் சிதறிய பகுதிகள் தனித்தனிப் பள்ளிகளாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர் கையில் எதுவும் இல்லையென்றால் 'ஆர்' போதும். இலவசம், இந்தக் கட்டுரையின் எல்லாவற்றையும் செய்யும்.

ஓடவில்லை என்றால்

'சிங்குலர்' என்ற எச்சரிக்கை வந்தால் பரவற்படிகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்று 0 என்றோ, ஒட்டுறவு சரியாக 1 அல்லது −1 என்றோ இருக்கும். தரவில் இல்லாத வேறுபாட்டை மாடல் தேடுகிறது என்று பொருள். முதலில் உடன்பரவலை நீக்கிப் பாருங்கள் (எல்எம்ஈ4இல் இரட்டைச் செங்குத்துக் கோடு), பிறகும் சரியாகாவிட்டால் அந்தச் சாய்வையே நீக்குங்கள்.

குவியவில்லை என்ற எச்சரிக்கை வேறு. ஒரு மாறி ஆண்டு வருமானம் லட்சங்களில், இன்னொன்று 0, 1 என்றிருந்தால் கணிப்பு தடுமாறும். வருமானத்தை ஆயிரத்தால் வகுங்கள் அல்லது திட்ட விலக்க அலகுக்கு மாற்றுங்கள். அதன்பின்னும் வந்தால் எல்எம்ஈ4இன் 'ஆல்ஃபிட்' கட்டளையால் எல்லாத் தேடல் முறைகளிலும் ஓட்டி, கெழுக்களும் பரவற்படிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம்.

குழுக்கள் நாலைந்துதான் என்றால் பல்நிலை மாடல் வேண்டாம். குழுவைச் சாதாரண வகை மாறியாக இடுங்கள். பத்து முதல் முப்பது வரை என்றால் ரெமெல் முறையும் கென்வர்ட்-ரோஜர் திருத்தமும் கட்டாயம். பேய்சியன் வழியில் போக விரும்பினால் ஸ்டான் மென்பொருளை எல்எம்ஈ4 போன்ற சூத்திரத்திலேயே இயக்கும் பிஆர்எம்எஸ் தொகுப்பு இருக்கிறது. குழுவுக்குள் ஆள் குறைவு என்பதைவிடக் குழுக்களே குறைவு என்பதுதான் பெரிய சிக்கல்.

விளைவு 'ஆம், இல்லை' என்றால்

தேர்ச்சி, வாக்களித்தல், நோய் போன்றவற்றுக்கு லாஜிஸ்டிக் பல்நிலை மாடல். கீழ்நிலைப் பரவற்படி தரவிலிருந்து வருவதில்லை. பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை மூன்றால் வகுத்த 3.29 என்று நிலைத்துவிடுகிறது. பள்ளிப் பரவற்படி 0.6 என்றால் உள்குழு ஒட்டுறவு 0.6 / 3.89 = 0.15. அடிமட்டம் 3.29இல் நிலைத்திருப்பதால், மாணவர் நிலை மாறிகளைச் சேர்க்கும்போது முழு அளவுகோலே நீளும். மற்றக் கெழுக்கள் பெரிதாகும். அடுத்தடுத்த மாடல்களின் கெழுக்களை நேருக்குநேர் ஒப்பிட்டு 'விளைவு கூடியது' என்று எழுதாதீர்கள். நிகழ்தகவாக மாற்றி ஒப்பிடுங்கள்.

எம்எல்வினில் முதலில் வரும் எம்க்யூஎல் என்ற தோராய மதிப்பீட்டு முறை, குழுக்கள் சிறிதாக இருக்கும்போது பரவற்படியை வெகுவாகக் குறைத்துக் காட்டும். அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதைவிடத் துல்லியமான இரண்டாம் வரிசை பிக்யூஎல் அல்லது எம்சிஎம்சி முறைக்கு மாறுங்கள்.

எழுதும்போது

அட்டவணையில் வெற்று மாடல் முதல் பத்தியில் இருக்கட்டும். அது இல்லாமல் மற்றப் பரவற்படிகளை எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு நிலையிலும் அலகு எண்ணிக்கை, குழுவின் குறைந்த, கூடிய அளவு, நிலையான கெழுக்கள் திட்டப் பிழையோடு, எல்லாப் பரவற்படிகளும் உடன்பரவலும், எந்த மாறியை எதைச் சுற்றி மையப்படுத்தினீர்கள், ரெமெலா முழு முறையா, மென்பொருளும் அதன் பதிப்பு எண்ணும் — இவை எல்லாம் வேண்டும். எவ்வளவு விளக்கப்பட்டது என்பதை நிலை வாரியாகச் சொல்லுங்கள். பள்ளிவசதியை மட்டும் சேர்த்த மாடலில் பள்ளிப் பரவற்படி 8.61இலிருந்து 2.64ஆக இறங்குகிறது, பள்ளிகளுக்கிடையேயான வேறுபாட்டில் 69 சதவீதம். மாணவர் நிலையில் இதே மாறி எதையும் விளக்கவில்லை, விளக்கவும் முடியாது. பள்ளிக்குள் எல்லோருக்கும் அதன் மதிப்பு ஒன்றுதான்.

மாடலை முடிவு செய்தபின் எச்சங்களை இரண்டு நிலையிலும் வரைந்து பாருங்கள். மாணவர் எச்சம் மட்டும் போதாது; 160 பள்ளி எச்சங்களில் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்தப் பள்ளியை விட்டுவிட்டு மாடலை ஒருமுறை ஓட்டி, மேல்நிலைக் கெழு எவ்வளவு நகர்கிறது என்பதையும் அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் குறித்துவிடுங்கள்.